டீசால்ட்டரில் உப்பு ஏறிவிட்டதா? மிக்ஸ் வால்வில் கை வைக்காதீர்கள்

க்ரூடில் (கச்சா எண்ணெயில்) தண்ணீரைக் கலந்து உப்பைக் கழுவி, மின்புலத்தால் அந்தத் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் கலம்தான் டீசால்ட்டர். அது எப்படி வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் மின்முனையான கிரிட் எப்படி நீர்த்துளிகளை ஒன்றுசேர்க்கிறது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். ராத்திரி ஷிஃப்ட், லேப் ரிப்போர்ட்டில் உப்பு எகிறிவிட்டது, பேனலில் நீங்கள் மட்டும்தான். அப்போது எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே.

நான் தொடக்கூடாததைத் தொட்டவன். வழக்கமாக 1 பி.டி.பி.க்குள் நிற்கும் உப்பு அன்றைக்கு 6 என்று வந்தது. (ஆயிரம் பீப்பாய்க்கு எத்தனை பவுண்டு என்ற கணக்கு. 1 பி.டி.பி. என்றால் லிட்டருக்குச் சுமார் 2.85 மில்லிகிராம்.) தண்ணீர் சரியாகக் கலக்கவில்லை போல என்று நானே முடிவு கட்டி, மிக்ஸ் வால்வின் (க்ரூடையும் தண்ணீரையும் கலக்கும் வால்வு) அழுத்த வித்தியாசத்தை 0.8 கிலோவிலிருந்து 1.4-க்கு ஏற்றினேன். முக்கால் மணி நேரத்தில் கிரிட்டின் ஆம்பியர் ஏறி வோல்டேஜ் படுத்துவிட்டது. அதற்குள் கழிவுநீர்ப் பிரிவிலிருந்து போன்: "என்னப்பா, தண்ணி அனுப்புறியா, க்ரூட் அனுப்புறியா?"

எண்ணெயையும் தண்ணீரையும் மத்து போட்டுக் கடைந்துவிட்டு, பிறகு தானாகப் பிரியவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது அதே நிலைமை வந்தால் நான் செய்வது இந்த வரிசையில்தான்.

1. கடந்த 12 மணி நேரத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள். டேங்க் மாற்றினார்களா, மாற்றிய டேங்கில் தண்ணீர் படிய நேரம் கொடுத்து டிரெயின் செய்தார்களா, ஸ்லாப் ஆயிலை (ஆலையில் சேரும் கழிவு எண்ணெயை) க்ரூடில் கலந்துவிட்டார்களா. என் விஷயத்தில் ஸ்லாப்தான். லாக் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தார்கள், நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

2. டிரை காக்கை, அதாவது வெசலில் வெவ்வேறு உயரத்திலிருந்து சாம்பிள் எடுக்கும் குழாயை, திறந்து பாருங்கள். இன்டர்ஃபேஸ் (எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோடு) டிரான்ஸ்மிட்டர் 50 சதவீதம் என்று காட்டினால் அதை அப்படியே நம்ப வேண்டாம். டிஸ்பிளேசர் வகைக் கருவி அடர்த்தி வித்தியாசத்தை வைத்துத்தான் அளக்கிறது. கனமான க்ரூட் வந்தாலோ, நடுவில் எமல்ஷன் (பிரியாத எண்ணெய்-தண்ணீர்க் கலவை) தடித்துப்போனாலோ, அது காட்டும் கோடு ஒரு இடம், உள்ளே இருக்கும் கோடு வேறு இடம். காமா கதிர் புரொஃபைலர் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இல்லாதவர்களுக்கு டிரை காக்தான் கண். டிஸ்பிளேசரோடு ஒப்பிட்டால் எப்போதும் என் ஓட்டு டிரை காக்குக்கே.

இதிலும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். மேல் காக்கிலிருந்து கீழ் வரை ஐந்தையும் திறந்து பாட்டிலில் பிடித்தேன், எல்லாம் அழகாக வந்தது: மேலே எண்ணெய், கீழே தெளிந்த தண்ணீர். ஆனால் நான் பிடித்தது முந்தைய ஷிஃப்டில் பைப்புக்குள் தங்கிப்போன பழைய சரக்கு! டிரை லைன் நீளமானது. அதில் நிற்பது முழுக்க வெளியேறும் வரை, சூடு கைக்குத் தெரியும் வரை ஓடவிட்டு, அப்புறம்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தபோது இரண்டாவது காக்கிலேயே கேப்பைக் கூழ் மாதிரி, பழுப்பு நிறத்தில், பாட்டிலைச் சாய்த்தாலும் அசையாத ஒன்று வந்தது. இதுதான் ரேக் லேயர், பிரியாமல் நடுவில் தங்கிவிடும் எமல்ஷன் அடுக்கு. கிரிட்டுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏறியிருந்தது.

உள்ளே 130 டிகிரியில் இருக்கும் தண்ணீர், வெளியே வந்தால் ஆவியாகச் சீறும். கூலர் வழியாக மட்டும் எடுங்கள், ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் சட்டையில் இருக்கட்டும், காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும்படி நில்லுங்கள்.

3. ஆம்பியரையும் வோல்டேஜையும் சேர்த்துப் படியுங்கள். எல்லா டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒன்றாக ஏறினால் எமல்ஷன் கிரிட்டை நெருங்குகிறது. ஒன்றில் மட்டும் என்றால் இன்சுலேட்டரையோ புஷிங்கையோ சந்தேகப்படுங்கள், எலக்ட்ரிக்கல் ஆளைக் கூப்பிடுங்கள்.

4. வெப்பநிலை 120-லிருந்து 140-க்குள் இருக்கிறதா என்று ஒரு பார்வை. போதும்.

5. வாஷ் வாட்டர், அதாவது உப்பைக் கழுவ க்ரூடில் கலக்கும் தண்ணீர். க்ரூட் அளவில் 4 முதல் 8 சதவீதம் போகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், பி.ஹெச். பார்ப்பவர்கள் குறைவு. ஸ்ட்ரிப்பரிலிருந்து (கழிவுநீரிலிருந்து அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடை நீக்கும் கோபுரம்) வரும் தண்ணீரில் அம்மோனியா மிச்சமிருந்தால் பி.ஹெச். 8-ஐத் தாண்டும், க்ரூடில் இருக்கும் நாப்தெனிக் அமிலங்கள் சோப்பாகிவிடும், எமல்ஷன் பிரியவே பிரியாது. 6-7 இருந்தால் நிம்மதி.

6. இப்போது மிக்ஸ் வால்வு. ஏற்ற அல்ல, இறக்க. நான் 1.4-லிருந்து 0.5-க்குக் கொண்டுவந்தேன், ஸ்லாப் லைனை மூடச் சொன்னேன், வேறு எதையும் தொடவில்லை. பேனலில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் பிறகு ஒரு மணி நேரமாவது சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம், ஷிஃப்ட் இன்சார்ஜ் பின்னால் நின்று மூச்சு விடுவார். எனக்கு ஆம்பியர் இறங்க மூன்று மணி நேரம் ஆனது, காலை சாம்பிளில் உப்பு 2.

7. டீமல்சிஃபையர் (எமல்ஷனைப் பிரிக்கும் ரசாயனம்) கடைசியில். உப்பு ஏறினதும் டோஸை இரண்டு மடங்காக்குவது நம்மூர்ப் பழக்கம். அளவு மிஞ்சினால் அதுவே எமல்ஷனைக் கட்டிப்போடும். எங்கே செலுத்துகிறார்கள் என்றும் பாருங்கள், க்ரூட் பம்பின் சக்ஷனில் இருந்தால்தான் போகிற வழியில் நன்றாகக் கலக்கும். கம்பெனிக்காரர் பழைய டேங்க் சாம்பிளில் செய்து காட்டும் பாட்டில் டெஸ்ட்டை நான் மதிப்பதில்லை.

உப்புக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். சோடியம் குளோரைடு ஓரளவு சாது. மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள்தான் ஃபர்னஸ் சூட்டில் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகின்றன. அது ஆவியாகி, க்ரூடைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்தின் உச்சிக்குப் போய், முதல் துளி தண்ணீர் குளிர்ந்து விழும் இடத்தில் கரைந்து, கார்பன் ஸ்டீலைத் தின்னும். ஓவர்ஹெட் கன்டன்சர் டியூப் ஓட்டையாகும்போதுதான் டீசால்ட்டர் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

பின்சேர்க்கை: "கீழ் டிரை காக்கில் எதுவுமே வரவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அடியில் சேறு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்காக வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், அடைப்பு விலகும் நொடியில் கொதிக்கிற தண்ணீர் முகத்துக்குத்தான் வரும். மட் வாஷ் (அடியில் படிந்த சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி வெளியேற்றுவது) கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் இருந்திருந்தால் ஒரே மூச்சில் முழு வெசலையும் கலக்க வேண்டாம், ஒரு ஹெடர் (தண்ணீர் பீய்ச்சும் குழாய்), கொஞ்ச நேரம், அப்புறம் அடுத்தது. தொடங்குவதற்கு முன் கழிவுநீர்ப் பிரிவுக்கு நீங்களே போன் செய்துவிடுங்கள், அவர்கள் செய்வதற்குள்.