இன்ஜினியரிங்கில் கூடுதல் கணிதம்: எதை எடுப்பது, எதை விடுவது

முதல் வருடம் முடிந்த கையோடு கணிதம் கொஞ்சம் பிடித்தவர்களுக்கு வரும் கேள்விதான் இது. எம் ஒன், எம் டூ என்ற முதல் வருடக் கணிதப் பாடங்களைத் தாண்டி இன்னும் ஏதாவது எடுக்கலாமா, எடுத்தால் எதை? சீனியரைக் கேட்டால் எதில் சுலபமாக மார்க் வரும் என்று சொல்வார், யூடியூபில் தேடினால் எல்லாவற்றையும் படிக்கச் சொல்வார்கள். இரண்டையும் விடுங்கள். உங்கள் துறையின் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் சிலபஸைத் திறந்து, சீனியரின் நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் எந்த மாதிரி சமன்பாடு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். எடுக்க வேண்டிய பாடம் அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

ஈசிஇ என்றால் கம்யூனிகேஷன் பாடத்தில் நாய்ஸ் வரும் இடமெல்லாம் நிகழ்தகவும் ரேண்டம் ப்ராசஸும்தான். ட்ரிபிள்இ-யில் லோட் ஃப்ளோவுக்கு (மின் கட்டமைப்பில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்ற கணக்குக்கு) நியூட்டன்-ராஃப்சன் என்ற நியூமரிக்கல் முறை, கன்ட்ரோல் சிஸ்டத்தில் ஸ்டேட் ஸ்பேஸ் வந்ததும் முழுக்க மேட்ரிக்ஸ். மெக்கானிக்கல், சிவில்காரர்களுக்கு ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் காத்திருக்கிறது, அதனால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் நியூமரிக்கல் மெத்தட்ஸும். சிஎஸ்இ-யில் மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்கு லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன். கிரிப்டோகிராஃபி பிடித்தால் எண் கோட்பாடு, ஏனென்றால் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை முழுக்க மீதி எண்களை வைத்துத்தான் ஓடுகிறது.

எதுவும் முடிவாகவில்லையா? லீனியர் அல்ஜிப்ரா எடுங்கள். "அதைத்தான் முதல் செமஸ்டரிலேயே படித்துவிட்டோமே" என்பீர்கள். அங்கே நீங்கள் செய்தது என்ன? ஒரு 3×3 மேட்ரிக்ஸுக்கு ஐகன் வேல்யூ கண்டுபிடித்து, கேய்லி-ஹாமில்டன் வைத்து இன்வர்ஸ் போட்டு, 16 மார்க்கை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அந்த எண் எதைச் சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சின்ன உதாரணம். இரண்டு சுவர்களுக்கு நடுவில் சம எடையுள்ள இரண்டு கட்டைகள், இடப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஒரே மாதிரியான மூன்று ஸ்பிரிங். இயக்கச் சமன்பாட்டை எழுதினால் முதல் வரிசையில் 2, −1, இரண்டாவது வரிசையில் −1, 2 என்று ஒரு மேட்ரிக்ஸ் வரும். ஐகன் வேல்யூ 1, 3. ஐகன் வேல்யூ 1-க்கான வெக்டர் (1, 1), அதாவது இரண்டு கட்டையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து ஆடுகின்றன, நடு ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. 3-க்கான வெக்டர் (1, −1), ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போகும், நடு ஸ்பிரிங் நசுங்கி நீள்வதால் ஆட்டம் (ஐகன் வேல்யூவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து) √3 மடங்கு, கிட்டத்தட்ட 1.73 மடங்கு வேகம். ஒரு கட்டடம் நிலநடுக்கத்தில் எப்படி ஆடும் என்று பார்ப்பவரும் பெரிய அளவில் இதே கணக்கைத்தான் போடுகிறார். வெக்டர் ஸ்பேஸ், ரேங்க், எஸ்விடி (மேட்ரிக்ஸை எளிய மேட்ரிக்ஸ்களாகப் பிரிக்கும் முறை) என்று முறையாக ஒரு பாடம் படித்தால் இந்த மாதிரி அர்த்தம் புரிய ஆரம்பிக்கும்.

ரியல் அனாலிசிஸ், அதாவது கால்குலஸின் அடிப்படைகளை நிறுவிப் படிக்கும் பாடம், வேறு ரகம். அங்கே விடை கண்டுபிடி என்று கேட்க மாட்டார்கள், நிறுவு என்றுதான் கேட்பார்கள். கன்ட்ரோல் தியரி, இன்ஃபர்மேஷன் தியரி மாதிரி ஆராய்ச்சிப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால், அல்லது அந்த மாதிரி யோசிப்பது பிடித்திருந்தால் எடுங்கள். ரெஸ்யூமேயில் கனமாகத் தெரியும் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்காக எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான இன்ஜினியரிங் தாள்களில் 100-க்கு 13 மார்க் அளவுக்குத்தான் கணிதம், அதற்குக் கல்லூரியில் படித்ததும் பழைய கேள்வித்தாள்களும் போதும். 2024-இல் வந்த டேட்டா சயின்ஸ் தாள் மட்டும் விதிவிலக்கு. அதில் நிகழ்தகவும் லீனியர் அல்ஜிப்ராவும் பெரிய பங்கு, கூடுதல் பாடம் நேராகவே உதவும்.

எங்கே படிப்பது? உங்கள் கல்லூரியிலேயே கணித எலெக்டிவ் இருந்து, நல்ல ஆசிரியரும் அமைந்தால் அதை விடாதீர்கள். பல கல்லூரிகளில் இருக்காது, அப்போது ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்தான் வழி. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். 12 வாரப் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. மொத்தம் 40 வந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அசைன்மென்ட்டில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். எந்த எலெக்டிவுக்குப் பதிலாக இதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று எச்ஓடியிடம் சேர்வதற்கு முன்பே கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடம் முடிந்த பிறகு சான்றிதழோடு போய் நின்றால் "முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்பார்கள்.

செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

அப்புறம், பணம் கட்ட அவசரப்படாதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் சில அசைன்மென்ட்கள் வந்துவிடும். டெலிகிராமில் விடை சுற்றும்தான், அதைப் பார்க்காமல் அவற்றில் பாதியையாவது நீங்களே போட முடிந்தால் கட்டுங்கள். முடியவில்லை என்றால் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த முறை நடத்தும்போது சேர்ந்துகொள்ளலாம்.