பாரைக் காலி செய்யாமல் போகிறவர்கள்: ஜிம்மில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடற்பயிற்சிக்கூடத்தில் செட்டுக்கும் செட்டுக்கும் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும்) இடையில் ஓய்வெடுப்பவர்கள் சுற்றி நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் அதே பழைய தவறுகளைச் செய்வதை அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. இன்று அங்கே அனுபவசாலிகளாக நடமாடுகிறவர்களும் தங்கள் முதல் மாதங்களில் செய்தவைதான் இவை. துண்டு கொண்டுவர வேண்டும், பெஞ்சில் படிந்த வியர்வையைத் துடைக்க வேண்டும், தொலைபேசியில் உரக்கப் பேசக் கூடாது என்பனவற்றை எல்லா ஜிம்களும் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. சுவரில் இடம்பெறாதவற்றையும், இடம்பெற்றாலும் காரணம் சொல்லப்படாதவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வெடுப்பவரைச் சும்மா இருப்பவர் என்று நினைப்பது

பிளேட் எனும் எடைவட்டுகளை இரு முனைகளிலும் மாட்டும் நீண்ட இரும்புத் தண்டுதான் பார்; அதைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட், அதைக் கொக்கிகளில் தாங்கி நிற்கும் இரு கம்பச் சட்டம் ஸ்குவாட் ரேக். அந்த ரேக்கின் முன் ஒருவர் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தால், காத்திருக்கும் புதியவருக்கு ஆத்திரம் வருகிறது. மிகுந்த எடையைச் சில முறை மட்டுமே தூக்கும் செட்டில் தசைகள் முதன்மையாகச் செலவிடுவது கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் கையிருப்பை. அது பெருமளவு மீண்டும் நிரம்புவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவர் பயிற்சிதான் செய்துகொண்டிருக்கிறார். இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவதற்குப் பதிலாக, அவர் பாரைக் கொக்கியில் வைத்து மூச்சு வாங்கி முடித்ததும், "இன்னும் எத்தனை செட் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டால் போதும்.

மாறி மாறிச் செய்யலாமா என்று கேட்பதிலும் இடம் பார்க்க வேண்டும். ஊசியை மாற்றிச் செருகினாலே எடை மாறிவிடும் மெஷின்களில் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் உங்களைவிட ஓர் அடி உயரமானவர், உங்களைவிட 60 கிலோ அதிகமாகத் தூக்குபவர் பயன்படுத்தும் ஸ்குவாட் ரேக்கில் இதைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் கொக்கியின் உயரத்தையும் பிளேட்டுகளையும் மாற்றுவதிலேயே இருவரின் நேரமும் போய்விடும். அங்கே காத்திருப்பதுதான் முறை. மறுபக்கம், கூட்டமான வேளையில் ஒரே ஆள் மூன்று மெஷின்களில் சுற்றிச் சுற்றிப் பயிற்சி செய்துகொண்டு, மூன்றும் தனக்கே என்று சொல்வதற்கு எந்தத் தசையியலும் துணை வராது.

பாரைக் காலி செய்யாமல் போவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கடைசி செட்டை முடித்தவர் பாரைக் கொக்கியில் சாத்திவிட்டு, இருபுறமும் பிளேட்டுகள் அப்படியே இருக்க, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். இதை ஒரு சிறிய மரியாதைக் குறைவு என்று சொல்லி விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. இதன் விலை அதைவிடப் பெரியது. அந்த விலையைக் கொடுப்பவரும் பெரும்பாலும் அந்தக் கூடத்திலேயே அனுபவம் மிகக் குறைந்தவர்தான்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் அளவிலான பாரின் எடை 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர். பிளேட்டுகள் உட்காரும் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தண்டு 1.31 மீட்டர். இந்தப் பார் கொக்கிகளின் மேல் கிடக்கிறதே தவிர, எதனாலும் பூட்டப்பட்டிருப்பதில்லை. இரு கம்பங்களும் ஒரு மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துப் பிளேட்டுகளை முழுவதும் கழற்றிவிட்டால், எடை மிஞ்சியிருக்கும் பக்கத்துக் கம்பம் சீசாப் பலகையின் நடுத்தண்டு போல ஆகிவிடுகிறது. கம்பத்துக்கு உள்பக்கம் அரை மீட்டர் தள்ளி பாரின் 20 கிலோவும், வெளிப்பக்கம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தள்ளி மிஞ்சிய பிளேட்டுகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. இருபதை ஐம்பதால் பெருக்கி, வந்த தொகையை இருபதால் வகுத்தால் 50 கிலோ. அதற்கு மேல் ஒரு பக்கத்தில் எடை நின்றால் பார் கவிழ்ந்துவிடும். பக்கத்துக்கு மூன்று 20 கிலோ பிளேட்டுகள் மாட்டிய பாருக்கு, அதாவது மொத்தம் 140 கிலோவுக்கு, இது பொருந்தும். பார் இலேசாக இருந்தாலும், கம்பங்கள் இன்னும் நெருக்கமாக இருந்தாலும் வரம்பு மேலும் குறையும். இதே இடைவெளியில் 10 கிலோ பார் என்றால் 25 கிலோவே அதைக் கவிழ்த்துவிடப் போதும்.

நான் பயிற்சி செய்த ஒரு கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்க நேர்ந்தது. நன்கு பழகிய ஒருவர் 140 கிலோவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். சேர்ந்து சில நாள்களே ஆன ஓர் இளைஞர் அங்கே வந்தார். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில், தானே எல்லாவற்றையும் கழற்றி வைக்கத் தொடங்கினார். பிளேட் ஸ்டாண்டு வலப்பக்கம் இருந்ததால் வலப்பக்கத்தை முதலில் முடித்துவிடுவது அவருக்கு இயல்பாகத் தோன்றியது. மூன்றாவது பிளேட்டை அவர் உருவி எடுத்த நொடியில் இடப்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தது. வலது முனை மேலெழுந்து அவர் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவர்க் கண்ணாடியில் மோதியது. நழுவி விழுந்த பிளேட்டுகளில் ஒன்று, தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டிருந்த பெண்மணியின் அருகில் வரை உருண்டு சென்றது. யாருக்கும் அடிபடவில்லை என்பது நல்லூழ்தான். கண்ணாடி நொறுங்கியது. சில்லுகளைப் பொறுக்கி முடிக்கும்வரை அந்தப் பகுதியை மூடி வைத்தார்கள். கண்ணாடிக்கான தொகையில் ஒரு பங்கை அந்த இளைஞரிடமே கேட்டார்கள். எடையை விட்டுச் சென்றவர் மறுநாள் வழக்கம்போல் வந்து, "யாருப்பா கண்ணாடியை உடைச்சது?" என்று விசாரித்தார்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் இளைஞருக்குத்தான் பாடம் எடுத்தார்கள். கழற்றும் முறை அவருக்குத் தெரியாதது உண்மைதான். தெரிந்தவர் கழற்றியிருந்தால் அவர் அதைத் தொடவே நேர்ந்திருக்காது என்பதும் அதே அளவு உண்மை. "அடுத்து வருபவருக்கும் அதே எடை தேவைப்படலாமே" என்று இவர்கள் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. தேவைப்படுபவர் பக்கத்தில் நின்றால், "கழற்றட்டுமா, அப்படியே விடட்டுமா?" என்று கேட்கலாம். யாரும் நிற்கவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான். தூக்க முடிந்தவருக்குக் கழற்றுவது ஒரு பாரமே இல்லை. 20 கிலோ பிளேட்டை நெஞ்சுயரத்தில் உருவி எடுப்பது அடுத்து வரும் முதியவருக்கோ, முதுகு வலியிலிருந்து மீண்டு வருபவருக்கோ அன்றைய பயிற்சியிலேயே கடினமான வேலையாகிவிடக்கூடும். லெக் பிரஸ்ஸில் இந்தக் கொடுமை இன்னும் அதிகம். கால்களால் 200 கிலோவைத் தள்ளியவர் கைகளால் அதை இறக்கி வைக்க மனமில்லாமல் போய்விடுகிறார்.

கழற்றும்போது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கழற்ற வேண்டும். மாட்டும்போதும் அப்படியே. பெரிய பிளேட்டுகள் ஸ்டாண்டின் கீழ்க் கம்பிகளுக்கும் சிறியவை மேல் கம்பிகளுக்கும் போக வேண்டும். சிறியதை மாட்டி அதன்மேல் பெரியதை மாட்டி மறைத்தால், இரண்டரைக் கிலோ தேடி வருபவர் இருபது கிலோவைத் தூக்கி நகர்த்த வேண்டியிருக்கும். டம்பெல்லுக்கும் இது பொருந்தும். 15 கிலோவை 12.5 கிலோவுக்கான இடத்தில் வைத்துவிட்டுப் போனால், அடுத்தவர் இரண்டு கைகளிலும் வெவ்வேறு எடைகளை எடுத்துச் செல்வார். தலைக்கு மேல் தூக்கும்போதுதான் அது அவருக்குத் தெரியவரும்.

டம்பெல் அடுக்கை ஒட்டி நின்று பயிற்சி செய்வது

எடுத்துக்கொண்டு நான்கு எட்டு பின்னால் வாருங்கள்.

ஸ்குவாட் ரேக்கில் பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்கும் கைப்பயிற்சி)

கூடமே காலியாக இருந்தாலொழிய, வேண்டாம்.

கேட்காத அறிவுரை

காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் புதியவர், தான் கற்றதை இரண்டாம் வாரத்திலேயே பிறருக்கு வழங்கத் தொடங்கிவிடுகிறார். தனியாக பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துப் பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) செய்துகொண்டிருந்த ஒருவர் பாரின் முனைகளில் பிளேட்டுகள் நழுவாமல் பிடிக்கும் கிளிப் போடாமல் இருந்ததைக் கண்ட ஓர் இளைஞர், "சார், கிளிப் மறந்துட்டீங்க" என்று ஓடிப்போய் மாட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மறக்கவில்லை. பக்கத்தில் ஆளும் இல்லாமல், மார்புக்கு மேல் பாரைத் தடுக்கும் இரும்புத் தண்டுகளும் இல்லாத பெஞ்சில், எடை மார்பில் சிக்கிக்கொண்டால் பாரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிளேட்டுகளைச் சரியவிடுவதுதான் கடைசி வழி. கிளிப் போட்டால் அந்த வழியும் அடைபடும். நல்ல எண்ணத்தோடு செய்த உதவி, அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பை எடுத்துவிட்டது.

இன்னொருவரின் முறை தவறாகத் தெரிந்தால், அது அவருடைய பயிற்சியாளரின் வேலை என்று விட்டுவிடலாம். உடனடி ஆபத்து என்றால் மட்டும் பேச வேண்டும், அதுவும் பார் கொக்கிக்குத் திரும்பிய பிறகு. எடை உடம்பின்மேல் இருக்கும்போது ஒருவரைக் கூப்பிடுவதும், அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடந்து போவதும் ஒரே வகைத் தவறுகள்.

பாரைக் கீழே போடுவது

பாரைத் தரையிலிருந்து இடுப்பளவு தூக்கி நிமிரும் டெட்லிஃப்டிலும், தலைக்கு மேல் தூக்கும் ஒலிம்பிக் வகைத் தூக்குதலிலும் பாரைக் கைவிட்டு இறக்குவது சில கூடங்களில் வழக்கம். அதற்கென்று கெட்டியான ரப்பர் பிளேட்டுகளும் மெத்தைத் தரையும் இருக்கும். இரும்புப் பிளேட்டுக்கு அந்த உரிமை கிடையாது. வெறும் பாரை மேலிருந்து போடுவதை எங்கும் செய்யக் கூடாது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லாதபோது, முனைகளைச் சுழலச் செய்யும் பேரிங்குகளும் தண்டும்தான் அடி வாங்கும்.

படம் எடுப்பது

உங்களை எடுங்கள். பின்னால் நிற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

சப்போர்ட் கொடுக்கும்போது அவசரப்பட்டுத் தொடுவது

பெஞ்ச் பிரஸ் செய்யப் போகும் ஒருவர், "கொஞ்சம் சப்போர்ட் கொடுங்க" என்று, அதாவது தலைமாட்டில் நின்று தேவைப்பட்டால் பாரைப் பிடிக்கச் சொல்லி, கேட்டால், முதலில் அவரிடம் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எத்தனை முறை தூக்கப் போகிறார், கொக்கியிலிருந்து பாரை எடுக்கவும் உதவி வேண்டுமா. இவற்றைக் கேட்காமல் நிற்பவர், ஆறாவது முறையில் பார் சற்று மெதுவாகியதுமே இரு கைகளாலும் பிடித்துத் தூக்கிவிடுகிறார். படுத்திருப்பவருக்கு அது உதவியாக இருப்பதில்லை. தான் எவ்வளவு தூக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளவே அவர் அந்த செட்டைத் தொடங்கியிருப்பார். மெதுவாக மேலேறும் பாரைத் தொடக் கூடாது. பார் நின்றுவிட்டாலோ, கீழே இறங்கத் தொடங்கினாலோ, அவரே "பிடிங்க" என்றாலோ மட்டும் தொட வேண்டும். தொட்டுவிட்டால், பாரின் இரு முனைகளும் கொக்கியில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை கையை எடுக்கக் கூடாது. களைத்தவர் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்த நிலையிலேயே இரண்டும் உட்கார்ந்துவிட்டதாக எண்ணிப் பிடியைத் தளர்த்திவிடுவதுண்டு.