பாட்டின் முதல் அடிகளை நயம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை." "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை." நயம் பாராட்டுக என்ற கேள்வியைப் பார்த்ததும் இந்த இரண்டு வரியும் பேனாவிலிருந்து தானாக இறங்கிவிடும். அப்புறம் சொல்நயம், பொருள்நயம், அணிநயம், சுவைநயம் என்று தலைப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு இலக்கணம், ஒரு எடுத்துக்காட்டு. மதிப்பெண் வரும், மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் பெயரை மட்டும் மாற்றினால் இன்னொரு பாட்டுக்கும் அப்படியே பொருந்துகிற விடை, இந்தப் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் தவறு அதுதான். மற்றவற்றை ஒரு பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மலைபடுகடாத்தைவிட நல்ல பாட்டு கிடைக்காது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா என்பது இன்றைய செங்கம் என்று கொள்கிறார்கள். 1989 வரை செங்கமும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு இது. தொடக்கம் இப்படி:

திருமழை தலைஇய இருள்நிற விசும்பின்
விண்அதிர் இமிழ்இசை கடுப்பப் பண்அமைத்துத்
திண்வார் விசித்த முழவொடு ஆகுளி

மழை திரண்ட இருண்ட வானம். அது அதிர முழங்கும் இடியோசை போல ஒலிக்கும்படி பண் அமைத்து, திண்ணிய வாரால் இறுக்கிக் கட்டிய முழவு. கூடவே ஆகுளி என்ற சிறுபறை.

இங்கே பலரும் செய்வது, "இருள்நிற விசும்பு" என்பதைக் கண்டதும் "புலவர் துயரமான சூழலைக் காட்டுகிறார்" என்று எழுதிவிடுவது. இருட்டு என்றால் சோகம், வெளிச்சம் என்றால் மகிழ்ச்சி என்று ஒரு வாய்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைவதால் வரும் தவறு இது. பாட்டின் முதல் சொல்லே "திரு". செல்வம் தரும் மழை, வளம் தரும் மழை. சித்திரை வெயிலில் வெந்துகிடக்கும் வேலூரில் வானம் கறுத்தால் யாருக்காவது துயரம் வருமா? பரிசு தேடி வறுமையோடு நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் புலவர் முதலில் நிறுத்துவது மழை வானத்தை. வரப்போகும் கொடைக்கு அது ஒரு முன்னறிவிப்பு என்றுதான் நான் படிக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பொதுவாக என்ன உணர்ச்சி என்று தேடாமல், அதன் பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, உவமை என்று பெயர் வைத்ததோடு நின்றுவிடுவது. "இங்கு முழவின் ஒலி இடிக்கு உவமிக்கப்பட்டுள்ளது, எனவே உவமை அணி" என்பது சரியான வாக்கியம். ஆனால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அடிகளின் வரிசையைக் கவனியுங்கள். முதல் அடி முழுக்க வானம் மட்டும். இரண்டாம் அடியில் முழக்கம் கேட்கிறது. "கடுப்ப" என்ற உவமைச் சொல் வந்த பிறகுதான் இது வேறொன்றுக்கு ஒப்பு என்றே தெரிகிறது. மூன்றாம் அடியில்தான் முழவு வருகிறது. அதுவரை நாம் மழைக்கு நடுவில் நிற்கிறோம். "முழவு இடிபோல ஒலித்தது" என்று உரைநடையில் மாற்றினால் இந்த வரிசை தலைகீழாகிறது. முழவு முன்னால் வந்து, இடி வெறும் துணைத் தகவலாகிவிடுகிறது. அதனால் எந்த உவமையைப் பார்த்தாலும், உவமானம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, கேட்பவர் எதை முதலில் பெறுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற தவறு: காட்சி, படிமம் என்றாலே கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் என்று நினைப்பது. மூன்றாம் அடியோடு நிறுத்தாமல் "கலப்பையிர்" என்று கூத்தரைக் கூப்பிடும் பதின்மூன்றாம் அடிவரை சேர்த்துப் படிக்க வேண்டும். ஆசிரியப்பாவில் இன்றைய கவிதைபோல இடைவெளி விட்ட பத்தி கிடையாது. தொடர் எங்கே முடிகிறதோ அதுவரை தொடக்கம். இந்த அடிகளில் வரிசையாகக் கருவிகள் வருகின்றன. மினுங்கும் பாண்டிலும் (கஞ்சதாளம்) மயிற்பீலி அணிந்த கொம்பும் கண்ணுக்கு. மற்றவை பெரும்பாலும் காதுக்கு. "களிற்றுயிர்த் தூம்பு", யானை மூச்சு விடுவதுபோல ஒலிக்கும் பெருவங்கியம் என்ற ஊதுகருவி. "விளிப்பது கவரும் தீங்குழல்", பாட்டைத் தன்வசம் ஆக்கிக்கொள்ளும் குழல். "அரிக்குரல் தட்டை", அரித்தெழும் ஓசை கொண்ட தட்டை. இப்போது ஒன்று கேட்கிறேன்: இவற்றில் எந்தக் கருவியை யார் வாசிக்கிறார்கள்? யாரும் இல்லை. எல்லாம் பைகளில் கட்டி, தோளில் காவடியாகத் தொங்குகின்றன. கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, கருவிகள் சும்மா இருக்கின்றன. ஓசை முழுவதும் அடைமொழிகளுக்குள்தான் இருக்கிறது.

பெயர்களின் பட்டியல் என்று சலித்துக்கொண்டு தாண்டிப் போனால் இது கிடைக்காது. பட்டியல் முடிகிற இடத்தில் "கார்க்கோள் பலவின் காய்த்துணர் கடுப்ப" என்கிறார். கார்காலத்துப் பலாவில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல அந்தப் பைகள் தொங்குகின்றன. ஏலகிரியில் பலா காய்த்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அதுவரை காதுக்குப் பாடிக்கொண்டு வந்தவர் இந்த இடத்தில் கண்ணுக்கு உருவத்தையும் தோளுக்குப் பாரத்தையும் கொடுக்கிறார்.

ஆகுளி, எல்லரி, பதலை போன்ற கருவிப் பெயர்களை ஊகித்துப் பொருள் சொல்வதும் வேண்டாம். உ.வே.சா. 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. இன்று எளிய உரைகளும் நிறைய உண்டு. அதற்காக உரையை அப்படியே எடுத்து எழுதினால் அது நயம் ஆகாது. சொல்லுக்குப் பொருள் உரையில் கிடைக்கும். வரிசையையும் ஓசையையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்ப்பது இன்னொரு தவறு. வழி சொல்லும் கூத்தன் பாட்டின் நடுவில், மலையில் கேட்கும் ஓசைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அருவியில் அரமகளிர் (தேவமகளிர்) குடைந்து ஆடும் ஓசை "நும் இயம்போல் இன்னிசை" என்கிறான், அதாவது உங்கள் வாத்தியங்களைப்போல. முதலில் வாத்தியத்துக்கு இயற்கை உவமை. இங்கே இயற்கைக்கு வாத்தியம் உவமை. உவமை திரும்பிவிட்டது. ஓசைகள் எல்லாம் திரண்டு முடிகிற 348ஆம் அடியில்தான் "மலைபடு கடாஅம்" வருகிறது. மலையே யானை, அதில் பிறக்கும் ஓசையே கடாஅம், அதாவது யானையின் மதநீர். அந்த யானையின் மூச்சைத் தொடக்கத்திலேயே தூம்பில் கேட்டுவிட்டோம். முழுப் பாட்டையும் படித்தபின் மறுபடி முதல் அடிகளுக்கு வந்தால்தான் இது தெரியும். முதல் மூன்று அடியை மட்டும் படித்துவிட்டு மையக்கருத்து எழுதுவது எவ்வளவு அவசரம் என்று பாருங்கள்.

பாட்டை விட்டுவிட்டுப் புலவர் கதைக்குப் போவது கடைசித் தவறு. ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலையிலும் இரத்தினகிரியிலும் "முத்தைத்தரு பத்தித் திருநகை" ஒலிக்கும்போது நம் பக்கத்தில் யாரும் நின்று கேட்காமல் போவதில்லை. நயம் எழுதச் சொன்னால் மட்டும் அருணகிரிநாதர் கோபுரத்திலிருந்து விழுந்ததும், முருகன் தாங்கி அடியெடுத்துக் கொடுத்ததுமாகப் பக்கம் நிறைந்துவிடுகிறது. பக்தியோடு சொல்ல வேண்டிய கதை, சொல்லுங்கள். ஆனால் பாட்டில் நடப்பது வேறு. "தத்தத்தன தத்தத் தனதன" என்று வல்லெழுத்து மோதி மோதி வரும் சந்தம் புன்னகையையும் முத்தியையும் பாடும் தொடக்கத்தில் ஏன் இவ்வளவு அடித்து ஒலிக்கிறது? கொஞ்ச தூரம் போனால் விடை வருகிறது: "தித்தித்தெய ஒத்தப் பரிபுர" என்று பயிரவி சிலம்பு ஒலிக்க ஆடுகிறாள், பறை கொட்டுகிறது, அங்கே இருப்பது போர்க்களம். அந்தக் களத்தின் தாளம் முதல் அடியிலேயே தொடங்கிவிட்டது. எதுகையை எண்ணி எழுதுவதாக இருந்தால், எண்ணியபின் "இந்த ஓசை பாட்டில் எங்கே போய்ச் சேருகிறது" என்று இன்னொரு வரி எழுதுங்கள்.

தேர்வில் தலைப்புகள் கட்டாயம் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், தடையில்லை. அணிநயத்தின் கீழ் "உவமை அணி" என்பதோடு முடிக்காமல், "இடி முன்னால் ஒலித்து முழவு பின்னால் வருவதால், கேட்பவர் முதலில் மழையை உணர்கிறார்" என்று எழுதினால் போதும். பழகிப் பார்க்க மலைபடுகடாத்திலேயே அடுத்த அடிகளை எடுங்கள்: "படுத்து வைத்தன்ன பாறை", அதையடுத்து "எடுத்து நிறுத்தன்ன" சிறு வழி. பாறை படுக்க வைத்ததுபோல, பாதை தூக்கி நிறுத்தியதுபோல. வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்று ஏதாவது ஒன்றில் ஏறியவர்கள், இந்த இரண்டு உவமையும் கண்ணுக்குச் சொல்லப்பட்டதா காலுக்குச் சொல்லப்பட்டதா என்று எழுதிப் பாருங்கள்.