ஹேண்ட்பால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு: பாஸ், ஷாட், ஃபாஸ்ட் பிரேக்

பந்து கையில் கிடைத்ததும் எல்லோருக்கும் கோலைப் பார்த்து ஓங்கி எறியத்தான் ஆசை. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஹேண்ட்பாலில் பந்தை வைத்துக்கொண்டு மூன்று ஸ்டெப் போகலாம், மூன்று வினாடி வைத்திருக்கலாம். அதற்குள் எறிய வேண்டும், இல்லையென்றால் தரையில் தட்ட வேண்டும். ஓடும்போது பாஸ் சரியாகக் கைக்கு வந்தால் மூன்று ஸ்டெப்பும் ஷாட்டுக்கே கிடைக்கும். முதுகுக்குப் பின்னால் வந்தால் அதை எட்டிப் பிடிப்பதிலேயே போய்விடும். அதனால் இங்கே பாஸ் முதலில், ஷாட் அடுத்து, ஃபாஸ்ட் பிரேக் (பந்து கிடைத்ததும் எதிரணி திரும்பி வருவதற்குள் வேகமாக ஓடித் தாக்குவது) கடைசியில்.

மைதானமும் பந்தும்

முழுக் கோர்ட் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோலுக்கு முன்னால் கீப்பருக்கு மட்டுமான பகுதியின் எல்லைதான் ஆறு மீட்டர் கோடு. மண் தரையில் அதைப் போடுவது சுலபம். 6 மீட்டர் கயிற்றின் ஒரு முனையை ஒரு கோல் கம்பத்தின் உள்விளிம்பில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையோடு சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டே வட்டத்தின் கால் பங்கு மட்டும் சுற்றி வர வேண்டும். அடுத்த கம்பத்திலும் அதே மாதிரி. இரண்டையும் நடுவில் 3 மீட்டர் நேர்கோட்டால் இணைத்தால் முடிந்தது. 9 மீட்டர் கோட்டுக்குக் கயிற்றை நீட்டினால் போதும், ஆனால் அது விட்டுவிட்டுப் போடும் கோடு.

பந்தின் அளவில் அலட்சியம் வேண்டாம். ஆண்களுக்கான 3-ஆம் எண் பந்தின் சுற்றளவு 58 முதல் 60 செ.மீ. பெண்களும் வளர்ந்த பையன்களும் 2-ஆம் எண்ணில் ஆடுவார்கள், அது 54 முதல் 56 செ.மீ. சின்னப் பிள்ளைகளுக்கு 1-ஆம் எண். பெரிய பந்தைக் கொடுத்தால் விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் தாங்கி, தோளோடு சேர்த்துத் தள்ளுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவது பெரும்பாடு.

பாஸ்

இனி எல்லாம் வலக்கைக்காரர் கணக்கில் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் ஆறு மீட்டர் தள்ளி எதிரெதிரே நிற்கட்டும். எறிபவரின் இடது கால் முன்னால், முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்காமல், பந்து தலைக்குச் சற்றுப் பின்னால். இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியில் மணிக்கட்டு முடிக்க வேண்டும். புதியவர்கள் பத்தில் எட்டுப் பேர் முழங்கையைத் தொங்கவிடுவார்கள். ‘முழங்கை மேலே’ என்று சொல்லிச் சொல்லித்தான் சரியாகும். பிடிப்பவர் இரண்டு கையையும் விரித்து, கட்டைவிரல்கள் பந்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும்படி வைத்து, பந்து வரும்போது கையைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் பந்து கையில் பட்டுத் தெறிக்கும்.

இது ஓரளவு கைவந்ததும் நிற்பதை நிறுத்திவிடுங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, எதிரெதிரே. ஒரு வரிசையின் முதல் ஆள் பந்தோடு. எதிர் வரிசையின் முதல் ஆள் ஓடி வந்து பந்தை வாங்கி, மூன்று ஸ்டெப்புக்குள் எதிரே வரும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, ஓடிய திசையிலேயே போய் அந்த வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) கிடையாது. பந்தை அந்தரத்தில் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினால் அந்தக் கால் ஸ்டெப் கணக்கில் வராது என்பதை இங்கேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஜோடியாக, நான்கைந்து மீட்டர் இடைவெளியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கோர்ட்டின் நீளம் முழுக்க பாஸ். இதில் ஒரே ஒரு விதிதான்: ஆளைப் பார்த்து எறியாதீர்கள், அவர் ஓடிப்போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து எறியுங்கள். பந்து நெஞ்சு உயரத்தில், ஒரு கை நீளம் முன்னால் வர வேண்டும். வாங்குபவர் வேகத்தைக் குறைக்க நேர்ந்தால் அந்தப் பாஸ் கணக்கில் இல்லை, ஜோடி தொடக்கத்துக்குத் திரும்பட்டும்.

ஜம்ப் ஷாட்

முதலில் பந்தில்லாமல் கால்கள் மட்டும்: இடது, வலது, இடது, எழும்பு. இடது காலால் எழும்பும்போது வலது முழங்கால் மடங்கி வெளிப்பக்கமாக உயர வேண்டும். இடது தோள் கோலைப் பார்க்கட்டும். எறிந்தபின் எழும்பிய அதே இடது காலில் இறங்குவது. குழப்பம் வருகிறவர்களை நடந்தே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து பந்தோடு, ஒன்பது மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து. உச்சத்துக்குப் போனபிறகுதான் கை வீச வேண்டும். அவசரக்காரர்கள் எழும்பும்போதே எறிந்துவிடுவார்கள், அப்போது குதித்ததற்கே அர்த்தமில்லை. ஆறு மீட்டர் கோட்டை மிதிக்காமல் வெளியிலிருந்து குதித்தால், பந்து கையை விட்டுப் போனபிறகு உள்ளே இறங்கலாம்.

குறி வைக்க கோலின் நான்கு மூலைகளிலும் பழைய சட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெறும் கோலில் கீப்பர் இல்லாமல் எறிந்தால் எல்லோரும் நடுவிலேயே போடுவார்கள். கீப்பரை நிறுத்தும்போது முதல் சில சுற்று மெதுவாக, சொல்லிவைத்த பக்கத்தில் மட்டும். தலையை நோக்கி எறியவே கூடாது.

விங்கிலிருந்து, அதாவது கோர்ட்டின் ஓரத்திலிருந்து, எறிபவர் நேராகக் குதித்தால் கோல் குறுகித் தெரியும். நடுப்பக்கமாக உள்ளே குதித்தால் கோணம் விரியும். இடக்கைக்காரர் ஒருவர் கிடைத்தால் அவரை வலது பக்கத்தில் போடுங்கள். டென்மார்க்கின் இடக்கை வீரர் மத்தியாஸ் கிட்செல் அந்தப் பக்கத்தில் ஆடுவதைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஃபாஸ்ட் பிரேக்

கீப்பரிடம் பந்து, இரு ஓரத்திலும் ஆடும் விங் ஆட்டக்காரர்கள் ஆறு மீட்டர் கோட்டருகே. சத்தம் கொடுத்ததும் விங் பக்கக் கோட்டை ஒட்டி ஓட்டம். முதல் நான்கைந்து ஸ்டெப்புக்குத் திரும்பிப் பார்க்கவே கூடாது. வேகம் எடுத்தபின் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்வை, அதுவும் ஓட்டம் குறையாமல். நடுக்கோடு தாண்டுகிற இடத்தில் பந்து முன்னால் விழ வேண்டும். கீப்பருக்கு அவ்வளவு தூரம் எறிய வராவிட்டால் நடுவில் ஒருவரை நிறுத்தி இரண்டு பாஸாகக் கொடுங்கள். எதிர்ப்பக்கக் கீப்பர் பந்தைப் பிடிக்க வெளியே ஓடிவந்து மோதினால் ஆட்டத்தில் சிவப்பு அட்டை. பயிற்சியிலும் அவர் ஆறு மீட்டருக்குள்ளேயே இருக்கட்டும்.

பிறகு இரண்டு பேருக்கு ஒரு தடுப்பாளர். பந்து வைத்திருப்பவர் கோலை நோக்கியே போக வேண்டும், கூட்டாளியைப் பார்த்துக்கொண்டே போனால் தடுப்பாளருக்கு விஷயம் தெரிந்துவிடும். தடுப்பாளர் தன் மேல் வந்தால் பாஸ், வராவிட்டால் ஷாட். பலரும் அவர் வருவதற்கு முன்பே பாஸ் கொடுத்துவிடுவார்கள், தடுப்பாளர் சும்மா நகர்ந்து அடுத்தவரை மறித்துக்கொள்வார். ஒரு ஸ்டெப் பொறுக்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் டிரிபிள் இல்லாத ஆட்டம். ஃபாஸ்ட் பிரேக்கில் விழும் கோலுக்கு இரண்டு புள்ளி.