முடக்குவாதம் உள்ளவர்கள் இரத்த அறிக்கையில் ஃபெல்ட்டி நோய்க்கான தடயத்தைப் பார்ப்பது எப்படி?

முடக்குவாதத்தோடு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மண்ணீரல் வீக்கமும், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் குறைவும் சேர்ந்தால் அதை ஃபெல்ட்டி சிண்ட்ரோம் என்பார்கள். 1924-இல் அமெரிக்க மருத்துவர் அகஸ்டஸ் ஃபெல்ட்டி இதை விவரித்தார். அரிதாகத்தான் வரும். பெரும்பாலும் முடக்குவாதம் தொடங்கிப் பத்தாண்டுகளுக்குப் பிறகு, ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக உள்ளவர்களிடம் தலைகாட்டும். அந்தக் காலத்தில் மூட்டு வலி அடங்கியிருப்பதும் உண்டு. வலி இல்லையே என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அறிக்கையில் டோட்டல் கவுண்ட்டை (மொத்த வெள்ளையணு எண்ணிக்கை) மட்டும் பார்த்தால் போதாது. 'நியூட்ரோஃபில்' அல்லது 'பாலிமார்ஃப்' என்ற வரியில் உள்ள சதவீதத்தை டோட்டல் கவுண்ட்டால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். டோட்டல் 4,200, பாலிமார்ஃப் 22% என்றால் 924. டோட்டல் ஏறக்குறைய சரியாகத் தெரிந்தாலும், கிருமியை எதிர்க்கும் அணுக்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. 1,500-க்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 500-க்குக் கீழே போனால் கடுமையான தொற்றுக்கு வாய்ப்பு மிக அதிகம். பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். எப்போதிலிருந்து இறங்குகிறது என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு.

எண் இறங்கியதுமே ஃபெல்ட்டி என்று முடிவுகட்ட முடியாது. மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின் போன்ற முடக்குவாத மாத்திரைகளும் வெள்ளையணுக்களைக் குறைக்கும். வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோ-ட்ரைமாக்சசோல் அதோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும். வேறு மருத்துவரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு கூடியிருந்தால், பெரிய துகள் லிம்ஃபோசைட் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயா என்று பார்க்க, அணுக்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை தேவைப்படும். ஃபெல்ட்டியும் இந்த லுகேமியாவும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியலாம் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

மண்ணீரலை வயிற்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். அது எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை வைத்து நியூட்ரோஃபில் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது. அணுக்களை மண்ணீரல் பிடித்துவைப்பதோடு, அவற்றையே தாக்கும் எதிர்ப்பொருள்களும் இதில் பங்கு கொள்கின்றன.

நியூட்ரோஃபில் குறைந்தவருக்கு 38° செல்சியஸ் (100.4° ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தால், அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலே தொற்று முற்றக்கூடும். நடுக்கம், மூச்சுத்திணறல், குழப்பம் வந்தாலே கிளம்புங்கள். வாய்ப்புண் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்வரை மெத்தோட்ரெக்சேட்டின் அடுத்த டோஸ் வேண்டாம். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண்ணும் இந்த நோயில் வரும். தினமும் கால்களைப் பாருங்கள்.

எண் இறங்கியதற்கு மாத்திரை காரணமல்ல என்று உறுதியானால், முதலில் தருவது பெரும்பாலும் அதே மெத்தோட்ரெக்சேட்தான், குறைந்த அளவில். முடக்குவாதம் அடங்கினால் நியூட்ரோஃபிலும் ஏறும் என்பது கணக்கு. பலிக்காவிட்டால் நரம்பு வழியாக ஏற்றும் ரிட்டுக்சிமாப் மருந்து. தொற்று மிரட்டும்போது ஃபில்கிராஸ்டிம் ஊசி எண்ணை ஏற்றும், ஆனால் மூட்டு வலியையும் கிளப்பிவிடலாம்.

மண்ணீரலை அகற்றுவது கடைசி வழி. அதன் பிறகும் நியூட்ரோஃபில் மறுபடி குறையலாம். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை என்றால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி) தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ரிட்டுக்சிமாப் ஏற்றிய சில மாதங்களுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. எது முதலில் என்பதை அப்போதே பேசி முடிவெடுங்கள்.