ஈரக்காற்றில் கொலாஜ்: குமரி மாவட்டத்தில் வெட்டி ஒட்டுவோருக்கு

நாகர்கோவிலிலோ குளச்சலிலோ காகிதத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த கொலாஜ் படம் ஒரு வருஷத்தில் வளைந்து, புள்ளி விழுந்து, ஓரம் பெயர்ந்து போனால் கத்தரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈரம்தான் காரணம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. காகிதம் இதையெல்லாம் குடிக்கும். வேறு ஊர்க்காரர்கள் வீடியோவில் சொல்லும் பசை அளவையும் உலரும் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே சரிவராது.

காகிதம் சேர்ப்பது

கைவினைக் கடையில் பூப்போட்ட தாள் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 1912இல் பிகாசோ நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாகக் கட்டினார். பெர்லினில் கலைஞர் ஹன்னா ஹோக் படப் பத்திரிகைகளை வெட்டினார். கேரளத்தில் பிறந்த கலைஞர் சி.கே. ராஜன் 1991 முதல் 1996 வரை செய்தித்தாள், வார இதழ்ப் படங்களை வெட்டிச் செய்த சிறிய கொலாஜ்கள் 2007இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சிக்குப் போயின. எல்லாம் தினப்புழக்கத்தில் கிடந்த அச்சுச் சரக்கு.

அப்படிப் பார்த்தால் இந்த மாவட்டம் நல்ல விளைநிலம். ஆக்கர் கடையில் (பழைய பேப்பர்க் கடை) ஒரே கட்டில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் கலந்து கிடைக்கும். இரண்டு எழுத்தும் பக்கம் பக்கமாக வரும் கொலாஜை மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் யோசிக்காமலே செய்துவிடுவார்கள். கோவில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா நோட்டீஸ், தினசரிக் காலண்டர் தாள், கல்யாணக் கார்டு, பள்ளி அட்லஸ், பீடிக் கட்டு லேபிள், தையல் பேட்டர்ன் தாள் என்று பட்டியல் நீளும். அச்சகத்திலும் பைண்டிங் கடையிலும் கேட்டால் ஓரம் வெட்டிய துண்டுகள் தருவார்கள். கெட்டி ஆர்ட் பேப்பர் நீளத் துண்டுகளாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

வீட்டுக்குள் கொண்டுவரும் முன் ஒரு வேலை உண்டு. பழைய கட்டில் இராமபாணப் பூச்சி இருக்கும். நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் விரித்து உதறிவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அதற்கு மேல் வெயிலில் போட்டால் செய்தித்தாள் பழுக்கும். அதில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால் ஒளி பட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சள்தான் வேண்டும் என்பவர்கள் தனி.

எது ஒட்டும், எது காலைவாரும் என்று தெரிந்துகொண்டு வெட்டுவது நல்லது. ஆஃப்செட் அச்சு தண்ணீருக்குக் கரையாது. ஜெராக்ஸும் லேசர் பிரிண்டும் கரையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் பசை பட்டவுடன் ஊறிப் பரவும். மெஷினில் வரும் பஸ் டிக்கெட், கடை பில் எல்லாம் வெப்பத்தாள். சில மாதத்தில் எழுத்து வெளுத்துப்போகும். டிக்கெட்டே வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். ஒரே பிரதியாக இருக்கும் பழைய குடும்பப் படம், பத்திரம் போன்றவற்றுக்கும் இதே வழிதான்.

வெட்டு, கிழி

9 மி.மீ. அகலக் கட்டர் போதும்; நுணுக்க வேலைக்கு 30 டிகிரி முனை உள்ள பிளேடு. மழுங்கிய பிளேடு காகிதத்தை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். ஈரமான நாளில் காகிதம் நைந்திருப்பதால் இது இன்னும் மோசமாகும். ஆகவே மழைக்காலத்தில் நுனியை அடிக்கடி ஒடித்துப் புதுமுனை எடுங்கள். அடியில் கட்டிங் மேட் இல்லையென்றால் பழைய காலண்டர் அட்டை. கத்தரியில் வளைவு வெட்டும்போது கத்தரியை அசைக்காமல் காகிதத்தைத் திருப்புங்கள்.

கிழிப்பதிலும் முறை இருக்கிறது. படம் மேலே பார்க்க, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்து வலது பாதியை உங்களை நோக்கி மேலே இழுத்துக் கிழித்தால், அழுத்திப் பிடித்த துண்டில் வெள்ளை விளிம்பு நிற்கும், இழுத்த துண்டில் நிறம் ஓரம் வரைக்கும் வரும். எது வேண்டுமோ அந்தத் துண்டைச் சரியான கையில் பிடிக்க வேண்டும். வழவழப்பான இதழ்த்தாளில் இது தெளிவாகத் தெரியும். செய்தித்தாளில் உள்ளும் புறமும் ஒரே நிறம் என்பதால் அவ்வளவாகத் தெரியாது.

அடியட்டையும் பசையும்

ஏ4 அளவுக்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை போதும். பெரிதென்றால் 2 மி.மீ. கிரே போர்டு. ஒட்டுவதற்கு முன் அட்டையின் இரண்டு பக்கமும் தண்ணீர் கலந்த பசையை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். அட்டை ஈரம் குடிப்பது குறையும்.

காகிதம் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம் விரியும். அச்சகத்தார் இதை கிரெய்ன் என்பார்கள். கண்டுபிடிக்க ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: நேராகக் கிழியும் திசைதான் நார் திசை. பெரிய துண்டுகளின் நார் எல்லாம் ஒரே வாக்கில் இருக்கும்படி ஒட்டினால் வளைவு பாதி குறையும். மீதியைக் குறைக்க, முன்பக்கம் ஒட்டிய அன்றே பின்பக்கமும் அதே கனமுள்ள தாள் ஒன்றை அதே நார் வாக்கில் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும்போது அட்டை வளைய வழியில்லை. பலரும் விட்டுவிடும் படி இதுதான். பிறகு சட்டம் போடும் கடையில் போய் அட்டை வளைந்திருக்கிறது என்று நிற்பார்கள்.

பசைக்கு ஃபெவிகால் எம்.ஆர். அப்படியே ஆகும். ஃபெவிகால் எஸ்.எச். கெட்டி, அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீரைப் பாதியாக்குங்கள். ஸ்டேஷனரி கடைப் பசைக் குச்சியை இடம் பார்த்துத் தற்காலிகமாக ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாளடைவில் காய்ந்து பெயர்ந்துவிடும்.

சுவரொட்டி ஒட்டுபவர்களின் மைதாப்பசை மலிவு, ஆனால் மறுநாளே புளிக்கும், இராமபாணம் தேடி வரும். பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பதுண்டு; அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் மேசைக்கு வேண்டாம். மாவுப்பசைதான் பிடிக்கும் என்றால் மரச்சீனி (மரவள்ளி) மாவில் காய்ச்சலாம். ஒரு ஸ்பூன் மாவுக்கு ஏழெட்டு ஸ்பூன் தண்ணீர், பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கண்ணாடிபோல் தெளியும் வரை கிண்ட வேண்டும். கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சீக்கிரம் கெடாது. நனைத்தால் பெயர்த்துவிடலாம் என்பது இதன் வசதி. ஃபெவிகாலில் அது நடக்காது.

இனி ஒரு துண்டை ஒட்டுவோம். மெல்லிய செய்தித்தாள் என்றால் பசையை அட்டையில் தடவுங்கள், தாளில் தடவினால் கையோடு சுருண்டுவிடும். கெட்டித்தாள் என்றால் தாளின் பின்பக்கம் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். விரிய வேண்டிய அளவுக்கு விரிந்துகொள்ளட்டும். தடவிய கையோடு ஒட்டினால் அட்டையில் போய் விரியும், அதுதான் கொப்புளம். பசை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும், ஓரத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போக வேண்டும்; அதற்கு அடியில் வீண் பேப்பர் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அதை மாற்றுங்கள். ஒரு ஓரத்தை முதலில் படியவைத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் மறு ஓரம் வரை நீவுங்கள். வெளியே பிதுங்கும் பசையை ஈரத்துணியால் அப்போதே ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, செய்தித்தாள் மை துணியோடு வரும்.

முடிந்ததும் பட்டர் பேப்பர், அதன் மேல் பலகை, அதன் மேல் கனமான புத்தகங்கள். மார்ச் மாதத்தில் ஒரு இரவு போதும். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் இரண்டு நாள். நடுவில் பட்டர் பேப்பரை மாற்றுங்கள். ஈரம் அதற்கடியில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். தொட்டுப் பார்க்கையில் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. காய்ந்த பின்னும் ஃபெவிகால் பட்ட முகங்கள் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கும்போது இடையில் பட்டர் பேப்பர் கட்டாயம். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் படாமல் நடுவே மவுண்ட் அட்டை கேட்டு வாங்குங்கள். கடலைப் பார்த்த சுவரிலும் மழைநீர் ஊறும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.

அமைப்பு

இதற்குச் சூத்திரம் எழுதுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு பழக்கம் மட்டும் உதவும்: ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டையும் அடுக்கி ஃபோனில் படம் எடுத்துக்கொள்வது, அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இருளும் வெளிச்சமும் போதவில்லை. இன்னொன்று, துண்டுகளைக் குறைக்க அஞ்ச வேண்டாம். மூன்றே துண்டில் நிற்கும் கொலாஜ் உண்டு.

கூடிச் செய்வது

கொலாஜ்காரர்கள் கூட்டமாக இயங்குவதற்கு எளிய காரணம், ஒருவர் குப்பை இன்னொருவருக்குச் சரக்கு. மாண்ட்ரியலிலிருந்து வரும் கொலாஜ் என்ற இதழ் 2018இல் உலகக் கொலாஜ் தினத்தைத் தொடங்கியது. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பல நாடுகளில் ஆட்கள் மேசை போட்டு உட்கார்கிறார்கள். நமக்கு அது தோதான நாள்: பள்ளி விடுமுறை, தென்மேற்குப் பருவமழையும் பிடித்திருக்காது.

எட்டுப் பேருக்கு மேல் முதல் கூட்டத்துக்கு வேண்டாம். ஆறடிக்கு மூன்றடி மேசையில் நாலு பேர்தான் தாராளமாக வேலை செய்யலாம். நூலகக் கூடமோ, வகுப்பறையோ, ஆலய வளாகக் கூடமோ எதுவானாலும் ஃபேனை நிறுத்த முடிகிற இடமா என்று பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜன்னலையும் சாத்த வேண்டிவரும். காற்றாலை சுற்றும் ஊரில் காகிதம் மேசையில் நிற்காது. ஆளுக்கு இருபது தாள் கொண்டுவந்து நடுவில் கொட்டட்டும். வெட்டக்கூடாத தாள் இருந்தால் வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். தாள் பொறுக்க அரை மணி நேரம் என்று வரம்பு வையுங்கள். இல்லையென்றால் பழைய பேப்பர் படித்தே பொழுது போய்விடும்.

கைமாற்றிச் செய்வது நல்ல பயிற்சி. ஆளுக்கொரு ஏ5 அட்டை, பதினைந்து நிமிடம், பிறகு வலப்பக்கத்தாருக்கு. அடுத்தவர் ஒட்டியதை மறைக்கலாம், பிய்க்கக் கூடாது. தபாலிலும் இதைச் செய்யலாம்; அமெரிக்காவின் ரே ஜான்சன், சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லித் தாள்களை அனுப்பியே பெரிய வட்டம் ஒன்றை உண்டாக்கினார். அஞ்சலட்டையில் ஒட்டி அப்படியே அனுப்பினால் முத்திரை மெஷினில் துண்டு பெயரும். முழுக்கக் காய்ந்த பின் ஜிப் கவரில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்து உறையில் அனுப்புங்கள்.

சாமி படம், குருசடி நோட்டீஸ், மசூதி நோட்டீஸ், கட்சித் தலைவர் படம் எல்லாம் ஒரே கட்டில் வரும் மாவட்டம் இது. கூட்டத்தில் அவற்றை வெட்டுமுன் சுற்றியிருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் எழுத்தையும் கருப்புக் கட்டத்தையும் எடுக்கலாம், முகத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குடும்பம் அடுத்த தெருவில் இருக்கும்.

விற்கவோ அச்சிடவோ நினைத்தால் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு, எடுத்தவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஓவியத்துக்கும் அப்படியே, ஓவியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். புதிய இதழில் வந்த ஒரே படம் கொலாஜின் பெரும்பகுதியாக நின்றால் எடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எந்த இதழ், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று வெட்டும்போதே அட்டையின் பின்னால் பென்சிலில் எழுதிவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை. பேனாவில் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறி வரும்.