அடிக்கடி கால் பிரளுதோ? மொளியைத் திரும்பப் பழக்கிற விதம்

எனக்கு ஒரே வலது கால் நாலு தரம் பிரண்டிருக்கு. முதல் தரம் ஓவர் கேம் எண்டுற எங்கட ஊர்க் கரப்பந்து விளையாடேக்க, எழும்பி அடிச்சிட்டு வலைக்குக் கிட்ட நிண்ட பொடியன்ர பாதத்துக்கு மேல இறங்கினனான், அதில ஒரு நியாயம் இருக்கு. நாலாந்தரம் வீட்டு முத்தத்தில ஒரு பனங்கொட்டையை மிதிச்சு! பிழை பனங்கொட்டையில இல்லை எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு.

கணுக்கால் மொளிக்கு வெளிப்பக்கம் எலும்புகளை இழுத்துப் பிடிச்சிருக்கிற நார் மூண்டு இருக்கு, லிகமென்ற் எண்டுவினம். பாதம் உள்ளுக்கு மடங்கேக்க அனேகமா முன்னால இருக்கிறதுதான் முதல் கிழியும். கால் எந்தச் சாய்வில நிக்குது எண்டு மூளைக்குச் சொல்லுற நரம்பு முனையளும் அதுக்குள்ளதான் இருக்கு. வீக்கம் வத்தினோடன சுகம் எண்டு நாங்கள் ஓடத் தொடங்கிடுவம், ஆனா அந்தச் செய்தி இன்னும் பிந்தித்தான் போய்க்கொண்டிருக்கும், தசை முழிக்கிறதுக்குள்ள ஆள் நிலத்தில.

பிரண்ட உடனை முதல் எலும்பைப் பாருங்கோ. நாலு எட்டு வைக்க ஏலாட்டி, ரெண்டு பக்க மொளி எலும்பின்ர நுனியில அல்லது பின்விளிம்பில கீழ் 6 சென்ரிமீற்றருக்குள்ள அமத்த நொந்தா, சின்னவிரல் பக்கமா பாத விளிம்பின்ர நடுவில துருத்திற எலும்போ உள்பக்கம் பாத வளைவுக்கு மேல இருக்கிற எலும்போ நொந்தா, எக்ஸ்ரே எடுக்கவேணும். 1992இல கனடாவின்ர ஒட்டாவாவில டொக்டர்மார் வகுத்த முறை இது. அதுக்கு முதல் எண்ணெய் போட்டு உருவ விடாதேங்கோ. அம்மம்மா சண்டைக்கு வருவா, வரட்டும்.

முறிவு இல்லையெண்டா முதல் ரெண்டு மூண்டு நாள் துணி சுத்தின ஐஸ் 15–20 நிமிசம், பண்டேஜ், காலைத் தலகணிக்கு மேல தூக்கி வைக்கிறது. அதுக்காக ரெண்டு கிழமை படுக்காதேங்கோ, நோ தாங்கிற அளவுக்கு நடவுங்கோ. ஏடு தொடக்கின பிள்ளை மாதிரி பெருவிரலால காத்தில அ, ஆ எழுதுங்கோ.

நோ குறைய, பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒண்டைக் கட்டில் காலில கட்டி மற்ற நுனியைப் பாதத்தில மாட்டுங்கோ. முழங்கால் அசையாமல் பாதத்தை வெளிப்பக்கம் இழுத்து ஆறுதலா விடவேணும், 10–15 தரம், மூண்டு சுத்து.

இனித்தான் கன பேர் விடுற விசயம். பல்லு மினுக்கேக்க ஒற்றைக்காலில 30 செக்கன் நில்லுங்கோ. அது லேசானாப் பிறகு சுவருக்குப் பக்கத்தில கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மடிச்ச தலகணிக்கு மேல. நான் முதல் நாள் கண்ணை மூடி இடதுகாலில 30 செக்கன் நிண்டனான், வலதில 5 செக்கனே பெரும்பாடு, அந்த வித்தியாசம்தான் என்ர வருத்தம். எட்டுக் கிழமை விடாமல் செய்தனான், ஓம், அலுப்புத்தான்.

நேர ஓடி, பிறகு எட்டுப் போட்டு ஓடி, ஒற்றைக்காலில குதிச்சு, மற்றக் கால் மாதிரியே இருந்தாத்தான் கிரவுண்டுக்குப் போகலாம். கொஞ்சக் காலத்துக்கு விளையாடேக்க மொளியை இறுக்கிப் பிடிக்கிற பிரேஸ் போடுங்கோ, ஒரு பக்கம் தேஞ்ச சப்பாத்தையும் எறியுங்கோ.

மூண்டு மாசம் ஒழுங்காச் செய்தும் கால் கைவிடுது, உள்ளுக்க கொழுவுப்படுது, வீக்கம் திரும்பத் திரும்ப வருது எண்டா பெரியாஸ்பத்திரி எலும்பு கிளினிக்கில காட்டுங்கோ. குருத்தெலும்பு அடிபட்டிருக்கிறதும் உண்டு, அதுக்கு ஒற்றைக்கால் தவம் உதவாது.